சுழல் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்: பயிற்சி, வேட்டை, தற்காப்பு

உரிமத்தோடு சுழல் துப்பாக்கி வைத்திருப்பவர் தோட்டா வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு வரிசையாக விடை காண வேண்டும்: துப்பாக்கியின் குழலில் பொறித்திருக்கும் தோட்டாவின் பெயர் எது, உரிமத்தில் எழுதியிருக்கும் வாய்விட்டம் எது, சுடப்பட்ட குண்டு எங்கே போய் நிற்கும். முதல் இரண்டுக்கும் விடை கையிலேயே இருக்கிறது. மூன்றாவது இடத்துக்கு இடம் மாறுவது. மதுரையில் அழகர்கோவில் சாலையின் இருபுறமும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தல்லாகுளத்தில் அதற்கு ஒரு விடையும், மேலூர்ப் பக்கத்துக் கற்பாறை நிலத்தில் வேறொரு விடையும், முறையான சுடுதளத்தின் மண்மேட்டுக்கு முன்னால் மற்றொரு விடையும் கிடைக்கும். வலிமையை முதல் அளவுகோலாகக் கொண்டு தோட்டா தேடுவோர் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியை மறந்துவிடுவதால், இந்த அத்தியாயம் அதையே அடிப்படையாகக் கொண்டு பயிற்சி, வேட்டை, தற்காப்பு ஆகிய மூன்று தேவைகளையும் ஆராய்கிறது.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த ஒன்று. பித்தளையால் ஆன கூடு, அதன் அடிப்பகுதியில் சுத்தியலின் அடி பட்டதும் பொறி எழுப்பும் பொட்டு, கூட்டுக்குள் அடைத்த மருந்து, வாய்ப்பகுதியில் இறுக்கிப் பொருத்திய குண்டு என அவை அமையும். பேச்சுவழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்வதுண்டு என்றாலும், இந்த நூலில் குழலை விட்டு வெளியேறிப் பறக்கும் பகுதி மட்டுமே குண்டு எனப்படும். குண்டின் எடை கிரெயின் என்னும் அலகில் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கிராம் ஏறத்தாழ பதினைந்தரை கிரெயினுக்குச் சமம்.

சுழல் துப்பாக்கியின் தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. உருளையின் அறைக்குள் தோட்டா மேலும் நழுவிப் போகாமல் தாங்குவதும், சுட்ட பின் வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும்போது பிடிமானம் தருவதும் இந்த விளிம்பே. உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளி வழியாக ஒவ்வொரு முறை சுடும்போதும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும் என்பதால், தோட்டா வலியதாக ஆக ஆக விரல்களை அந்த இடைவெளிக்கு முன்னால் கொண்டுபோகாத பிடி மேலும் இன்றியமையாததாகிறது.

மேக்னம் என்பதன் பொருள்

லத்தீன் மொழியில் ‘பெரியது’ என்று பொருள்படும் மேக்னம் என்ற சொல், ஒரே விட்டமுள்ள வழக்கமான தோட்டாவைவிட நீண்ட கூடும், அதிக அழுத்தமும், அதனால் அதிக வேகமும் கொண்ட தோட்டாவைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்த .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவை அடிப்படையாகக் கொண்டு, டக்ளஸ் வெஸ்ஸன், ஃபிலிப் ஷார்ப், எல்மர் கீத் ஆகியோரின் சோதனைகளின் பயனாக 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னத்தை வெளியிட்டது. அதையும் விஞ்சிய .44 மேக்னம் 1955இல் வந்தது.

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் உண்மையில் ஒரே விட்டமுள்ள குண்டையே செலுத்துகின்றன. மேக்னத்தின் கூடு மட்டும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டப்பட்டிருக்கிறது; பழைய .38 துப்பாக்கியின் அறைக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்பதே அந்த நீட்டலின் நோக்கம். அமெரிக்கத் தொழில்துறைத் தரத்தின்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357 மேக்னத்தின் உச்ச அழுத்தம் 35,000 பவுண்டு என்பதைப் பார்க்கும்போது அந்த மூன்று மில்லிமீட்டரின் அருமை விளங்கும். ஆகவே .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம்; .38 துப்பாக்கியில் மேக்னத்தை எந்த வகையிலும் சுடக் கூடாது. குட்டையான தோட்டாவை நெடுநாள் சுட்டால் அறையின் உட்சுவரில் ஒரு வளையமாகக் கரி படிந்து, பின்னர் நீளமான மேக்னம் தோட்டா முழுமையாக உட்காராமல் தடுக்கும் என்பதால், அத்தகைய பயிற்சிக்குப் பின் அறைகளைத் தூரிகையால் துடைத்துச் சுத்தம் செய்வது கட்டாயம்.

இந்திய உரிமமும் .32 வாய்விட்டமும்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமத்தின் காலத்தை ஐந்து ஆண்டாக ஆக்கியது. படையினரின் தோட்டாக்கள் வெளியே கசியாமல் இருக்கும் பொருட்டு, .380, .455 ஆகிய விளிம்புள்ள தோட்டாக்களையோ, படைப் பயன்பாட்டுக்குரிய 9 மில்லிமீட்டர், .45 தோட்டாக்களையோ ஏற்கும் கைத்துப்பாக்கிகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வாய்விட்டம் என வகைப்படுத்தப்பட்டுள்ளன. இந்தத் தடையின் விளைவாகவே .32 இந்தியக் குடிமக்களின் சுழல் துப்பாக்கிகளுக்குரிய வாய்விட்டமாக நிலைபெற்றது. கான்பூரில் உருவாகி 2014இல் பெண்களை மனத்தில் கொண்டு வெளிவந்த, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’, 2023இல் வெளிவந்த ‘பிரபல்’ ஆகிய இரண்டும் இந்த வாய்விட்டத்தைச் சேர்ந்தவையே.

.357 மேக்னம் சுழல் துப்பாக்கிகள் பழைய இறக்குமதிகளாகச் சிலரிடம் உரிமத்தோடு உள்ளன. ஆனால் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பல பத்தாண்டுகளாகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருப்பதால், அவற்றுக்குரிய தோட்டாவும் எளிதில் கிடைப்பதில்லை. எனவே மதுரையில் உரிமம் பெற்றவர் பெரும்பாலும் எதிர்கொள்ளும் தேர்வு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்னும் தோட்டாவைப் பற்றியதே. 1896இல் அறிமுகமான இந்தத் தோட்டா வழக்கமாக 98 கிரெயின் எடையுள்ள உருண்டை முனை ஈயக் குண்டை வினாடிக்கு 215 மீட்டர் அளவிலான வேகத்தில் செலுத்துகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 150 ஜூல். 158 கிரெயின் குண்டை வினாடிக்கு 375 மீட்டர் அளவில் செலுத்தும் .357 மேக்னத்தின் ஆற்றல் 720 ஜூலைத் தொடுவதால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு உள்ளது.

ஒரே எண், வேறு தோட்டா

.32 என்ற எண்ணைத் தாங்கிய தோட்டாக்கள் பல இருப்பதே இந்திய உரிமதாரருக்கு நேரக்கூடிய மிகப் பெரிய குழப்பம். அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியான பிஸ்டலுக்குரிய .32 தோட்டா 17 மில்லிமீட்டர் நீளக் கூடும் ஒடுங்கிய விளிம்பும் கொண்டது. ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கிக்குரியதோ 23 மில்லிமீட்டர் நீளக் கூடும் அகன்ற விளிம்பும் கொண்டது. பிஸ்டல் தோட்டா ரிவால்வரின் அறைக்குள் நுழைந்துவிடும் அளவுக்கு இரண்டின் உடல் விட்டமும் நெருங்கியிருந்தாலும், பிஸ்டல் தோட்டாவின் அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு, ரிவால்வர் தோட்டாவினதோ 15,000 பவுண்டு. ஆகவே கடையில் ‘பாயிண்ட் முப்பத்திரண்டு’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘ரிவால்வருக்கு, லாங்’ என்று சேர்த்துச் சொல்லி, பெட்டியில் அச்சிட்ட பெயரும் ஒவ்வொரு கூட்டின் அடியில் பொறித்த எழுத்தும் குழலில் உள்ள பெயரோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். இந்தியத் தோட்டாக்களின் அடியில் காணப்படும் ‘கே.எஃப்.’ என்ற முத்திரை, 1869இல் தொடங்கப்பட்ட புனேக்கு அருகிலுள்ள கட்கி தோட்டாத் தொழிற்சாலையைக் குறிக்கிறது.

இதே விட்டத்திலேயே இரண்டு மேக்னங்களும் உண்டு. 1984இல் வந்த .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னத்தின் கூடு 27 மில்லிமீட்டரும், 2007இல் அறிவிக்கப்பட்ட .327 ஃபெடரல் மேக்னத்தின் கூடு 30 மில்லிமீட்டரும் நீளமானவை; பின்னதன் உச்ச அழுத்தம் 45,000 பவுண்டு, அதாவது .32 லாங்கைப் போல மூன்று மடங்கு. வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் கொடுத்தது, பழைய இருப்பில் கிடைத்தது என்ற பேரில் கைக்கு வரும் எந்தத் தோட்டாவையும் அளவு பொருந்துகிறதா என்று அறைக்குள் போட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தானது என்பதோடு, உரிமத்தில் பதியாத தோட்டாவை வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

பயிற்சிக்குரிய தோட்டா

பயிற்சியின் நோக்கம் கையும் கண்ணும் விசைவிரலும் ஒன்றாகப் பழகுவது; அதற்கு மென்மையான பின்னுதைப்பும் சீரான வேகமும் உள்ள தோட்டாவே ஏற்றது. சுட்ட கணத்தில் துப்பாக்கி கையைப் பின்னோக்கித் தள்ளுவதே பின்னுதைப்பு. அது மிகுந்தால், சுடும் முன்பே மணிக்கட்டு தன்னையறியாமல் சுருங்கும் பழக்கம் புதியவரிடம் படிந்துவிடும். பின்னர் அந்தப் பழக்கத்தை நீக்குவது கடினம். .357 துப்பாக்கி உள்ளவர்கூடத் தம் பயிற்சியின் பெரும்பகுதியை .38 ஸ்பெஷலில் செய்வதும், தற்காப்புக்கு வைத்திருக்கும் தோட்டாவில் சிலவற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் இறுதியில் சுட்டுப் பார்ப்பதும் உலகெங்கும் ஏற்ற முறையாக உள்ளது. எடை மாறினால் குண்டு படும் இடமும் மாறும். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் நீண்ட நேரம் இருப்பதால், பின்னுதைப்பில் குழல் உயரும்போது பெரும்பாலும் சற்று மேலே படும்.

.32 லாங் தோட்டா இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான வாய்விட்டங்கள் ஏற்கப்படும் நிலையில், மிகப் பல வீரர்கள் இந்தத் தோட்டாவையே தட்டை முனைக் குண்டோடு பயன்படுத்துகின்றனர். அந்தக் குண்டு காகித இலக்கில் கிழிசலின்றி வட்டமாகத் துளையிடுவதால் புள்ளி கணக்கிடுவது எளிதாகிறது. வலிமையில் எளிய இந்தத் தோட்டா துல்லியத்தில் எந்த மேக்னத்துக்கும் பின்தங்கியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை கையிருப்பில் இருக்கலாம் என்பது உரிமப் புத்தகத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கொள்முதலையும் விற்பவர் அதில் பதிய வேண்டும். அந்த அளவு சிறியதாக இருப்பதால், தோட்டா இல்லாமல் வெற்றுத் துப்பாக்கியில் குறி பார்த்து விசையை இழுக்கும் பயிற்சியை வீட்டிலும், தோட்டாவோடு கூடிய பயிற்சியை உரிமம் பெற்ற சுடுதளத்திலும் செய்வதே வழி. வீட்டுப் பயிற்சியின்போது தோட்டாக்கள் வேறோர் அறையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வைகை மணலிலோ, யானைமலை, அழகர்மலை அடிவாரங்களிலோ சுட்டுப் பழகுவது சட்டத்துக்குப் புறம்பானது மட்டுமல்ல, பேராபத்தும் ஆகும். மதுரைச் சமவெளியின் பாறைகள் ஈயக் குண்டை எத்திசைக்கும் தெறிக்கவிடும்; மிகச் சிறிய .22 தோட்டாவின் பெட்டியிலேயே அதன் குண்டு ஒன்றரை மைல் தொலைவு வரை ஆபத்தானது என்ற எச்சரிக்கை அச்சிடப்படுவது வழக்கம்.

சுடுதளத்தில் காது, கண் காப்புகள் இன்றி ஒரு தோட்டாவும் சுடக் கூடாது. விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையெனில் குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது வினாடி காத்திருந்த பின்பே உருளையைத் திறக்க வேண்டும். வழக்கமான ஓசைக்கு மாறாகப் ‘புஸ்’ என்ற மெல்லிய ஒலி எழுந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம் என்பதால், அடுத்ததைச் சுடாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஈயத் தூசி உடலுக்குக் கேடு செய்வதால், சுட்டு முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்பே உணவைத் தொட வேண்டும்.

வேட்டை என்ற தேவை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு .357, .44 மேக்னம் சுழல் துப்பாக்கிகள் அனுமதிக்கப்படுவதால், அங்கே எழுதப்படும் நூல்கள் வேட்டைத் தோட்டாவுக்குத் தனி இடம் தருகின்றன. ஆழமாகத் துளைக்கும் கனமான கெட்டிக் குண்டு, குறுகிய தொலைவு, விலங்கைக் காயத்தோடு ஓடவிடாத ஒரே அடி ஆகியவை அங்கே சொல்லப்படும் நெறிகள். தமிழ்நாட்டில் இந்தப் பகுதியே பொருந்தாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமளிக்கவில்லை. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடியவருக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வேட்டைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து, ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய உரிமம் பெற முடியாதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி உழவர்களின் துன்பம் பொய்யானதன்று. நெல்லையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றி கிளறுகிறது. மயில் விதையைக் கொத்துகிறது. மயிலோ 1963 முதல் தேசியப் பறவை, முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர். காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். உழவருக்கு அதில் உள்ள பங்கு முறையிடுவதே. 150 ஜூல் ஆற்றலுள்ள .32 குண்டு வளர்ந்த பன்றியைக் கொல்வதைவிடக் காயப்படுத்தி வெறிகொள்ளச் செய்வதற்கே வாய்ப்பு மிகுதி என்பதால், சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அது அறிவுடைய செயலாகாது. அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி வைப்பது இதைவிடக் கொடியது. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து மடிந்துள்ளன.

தற்காப்புக்குரிய தோட்டா

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை வரையறுக்கிறது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை எழாது. காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு செய்ய அது இடம் கொடுக்காது. ஆகவே தற்காப்புத் தோட்டாவின் பணி அடித்து வீழ்த்துவதன்று, தாக்குதலை நிறுத்துவது; அந்தப் பணியை அண்டை வீட்டாருக்குத் தீங்கின்றிச் செய்ய வேண்டும்.

குண்டின் வடிவம் இங்கே முதன்மை பெறுகிறது. உருண்டை முனைக் குண்டு விரியாமல் நேராகத் துளைத்துச் செல்லும். முனையில் குழி உள்ள குண்டு உடலில் பட்டதும் பூப்போல விரிந்து, வேகம் இழந்து, உள்ளேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஆனால் விரிவதற்கு வேகம் தேவை. குட்டைக் குழலிலிருந்து புறப்படும் .32 லாங் குண்டுக்கு அந்த வேகம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை என்பதால், அந்த வாய்விட்டத்தில் குழி முனையைத் தேடி அலைவதால் பயன் குறைவு. எந்தத் தோட்டா தவறாமல் வெடிக்கிறதோ, எதில் கை நன்கு பழகியிருக்கிறதோ அதுவே சிறந்தது. .357 மேக்னமோ குட்டைக் குழலில் தன் வேகத்தில் கணிசமான பங்கை இழந்து, மூடிய அறைக்குள் கண்ணைக் கூசச்செய்யும் தீப்பிழம்பையும் காதைச் செவிடாக்கும் ஓசையையும் எழுப்புவதால், அத்துப்பாக்கி உள்ள பலர் வீட்டுக்கென .38 ஸ்பெஷலையே நிரப்பி வைக்கின்றனர். இலகுவான துப்பாக்கியில் கனமான மேக்னம் தோட்டாவைச் சுடும்போது, மற்ற அறைகளில் உள்ள தோட்டாக்களின் குண்டுகள் பின்னுதைப்பின் உலுக்கலால் முன்னே நகர்ந்து உருளையைச் சுழலவிடாமல் தடுப்பதும் உண்டு.

குண்டு எங்கே நிற்கும் என்ற கேள்வி இங்கேதான் முழு எடையோடு வந்து நிற்கிறது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் கைத்துப்பாக்கிக் குண்டைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பலகைக் கதவு, ஒட்டுப்பலகைத் தடுப்பு, தகரக் கூரை, கண்ணாடிச் சாளரம் ஆகியவை தடுக்கா. எனவே தல்லாகுளத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் தம் வீட்டின் எந்தச் சுவருக்குப் பின்னால் பிள்ளைகள் உறங்குகின்றனர், எந்தச் சாளரம் தெருவைப் பார்க்கிறது, எந்தக் கதவுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாடிப்படி இருக்கிறது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து, எந்தத் திசையில் ஒருபோதும் சுடக் கூடாது என்பதை முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் சித்திரைத் திருவிழா இரவில் அதே தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும்போது, பாதுகாப்பான திசை என்று ஒன்று எஞ்சாமலும் போகலாம். அந்த இரவில் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருப்பதே முறை.

பாதுகாத்தலும் ஒப்படைத்தலும்

மதுரையின் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் மூடிய காருக்குள் வெப்பம் அதைவிட மிகுதியாக ஏறும் என்பதால், தோட்டாவைக் காரில் விட்டுவைக்கக் கூடாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாக, பூட்டிய பெட்டியில் வைப்பது நன்று. தோல் பட்டையில் நெடுநாள் செருகி வைத்த பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பு ஏறும். துப்பாக்கிக்கு இடும் எண்ணெய் பொட்டுக்குள் ஊறினால் அது செயலிழக்கும். களிம்பேறியது, நசுங்கியது, குண்டு தளர்ந்தது ஆகியவற்றைச் சுடாமல், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அல்லது காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கக் கோரும் ஆணை வரும்போது, தோட்டாக்களையும் எண்ணிக் கொடுத்து, அந்த எண்ணிக்கை ரசீதில் எழுதப்பட்டிருப்பதைச் சரிபார்த்து வாங்குவது பின்னாளில் எழும் ஐயங்களைத் தவிர்க்கும்.

சுருங்கச் சொன்னால், பயிற்சிக்குக் கை நோகாத சீரான தோட்டா, தற்காப்புக்கு அதே வாய்விட்டத்தில் நன்கு பழகிய புதிய தோட்டா, வேட்டைக்கு எதுவும் இல்லை என்பதே மதுரைச் சமவெளியில் வாழும் உரிமதாரருக்குரிய தேர்வு. மேக்னத்தின் வலிமை கையில் இருப்பினும் இல்லாவிடினும், விசையை இழுக்கும் முன் குண்டு நிற்கப் போகும் இடத்தை அறிந்திருப்பவரே அந்த உரிமத்துக்குத் தகுதியானவர்.